பிரெடரிக் டியூடர்

பிரெடரிக் டியூடர் (செப்டம்பர் 4, 1783 – பெப்ரவரி 6, 1864) ஐக்கிய அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த வணிகர். குளிர்காலத்தில் ஏரிகளில் உறையும் பனிக்கட்டியை வெட்டியெடுத்துக் கப்பல் வழியாக வெப்ப நாடுகளுக்கு அனுப்பி விற்கும் தொழிலைப் பெரிய அளவில் உருவாக்கியவர் இவரே. பனிக்கட்டி மன்னர் என்ற பட்டப்பெயரால் அறியப்பட்டார். சென்னை கடற்கரைச் சாலையில் உள்ள ஐஸ் ஹவுஸ் (இன்றைய விவேகானந்தர் இல்லம்) இவருடைய பனிக்கட்டிக் கிடங்காக 1842 ஆம் ஆண்டில் கட்டப்பட்டதாகும்.

குளிரைச் செயற்கையாக உண்டாக்கும் பொறி எதுவும் டியூடரிடம் இருந்ததில்லை. திண்ம நிலையில் உள்ள நீர், திரவ நிலைக்கு மாறுவதை எவ்வளவு காலம் தள்ளிப்போடலாம் என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே அவருடைய வணிகமும், அதனால் வந்த கடனும் செல்வமும் அமைந்தன.

இளமை

டியூடரின் தந்தை வில்லியம் டியூடர் பாஸ்டனின் வசதி படைத்த வழக்கறிஞர். அமெரிக்க விடுதலைப் போரின்போது ஜார்ஜ் வாஷிங்டனின் படையில் சட்ட அலுவலராகப் பணியாற்றியவர். சகோதரர்கள் ஹார்வர்டுக்குச் சென்று படிக்க, பிரெடரிக் மட்டும் பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டு விலகி வணிகத்தில் நாட்டம் கொண்டார்.

1801 ஆம் ஆண்டில், நோயுற்றிருந்த சகோதரர் ஜான் ஹென்றியை அழைத்துக்கொண்டு கியூபாவின் ஹவானா நகருக்குப் பயணமானார். வெப்ப மண்டலத்தின் காற்று நோயாளிக்கு நன்மை தரும் எனக் குடும்பத்தார் எண்ணினர். மாறாக அங்கிருந்த கோடை வெப்பம் இருவரையும் வாட்டியது. மறு ஆண்டு அச்சகோதரர் இறந்தார். வெப்ப நாட்டில் நோயுற்றுக் கிடப்பவருக்குக் குளிர்ந்த நீர் எத்தகைய ஆறுதல் என்பதை டியூடர் இப்பயணத்தில் நேரில் அறிந்திருந்தார்.

டியூடர் குடும்பத்துக்கு பாஸ்டனுக்கு அருகில் ராக்வுட் என்ற பண்ணை இருந்தது. அங்குள்ள குளத்தில் குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டியைக் கிடங்கில் வைத்துக் கோடையில் பயன்படுத்துவது அக்குடும்பத்தின் வழக்கம். இதனை மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பி விற்றால் என்ன என்ற பேச்சை 1805 ஆம் ஆண்டில் தொடங்கியவர் அண்ணன் வில்லியம் என்பர். அண்ணன் அதனை ஒரு பொழுதுபோக்குப் பேச்சாகவே கருதினார். தம்பியோ அதற்கென ஒரு நாட்குறிப்பைத் தொடங்கி, தன் வாழ்நாளையே அதில் செலவிட்டார்.

முதல் கப்பல்

பனிக்கட்டியை ஏற்றிச் செல்ல எந்தக் கப்பல் உரிமையாளரும் முன்வரவில்லை. உருகிய நீர் கப்பலின் அடித்தளத்தில் தேங்கினால் கப்பலே கவிழ்ந்துவிடும் என அஞ்சினர். எனவே டியூடர் ஏறத்தாழ 4,750 டாலர் கொடுத்துப் பேவரிட் என்ற கப்பலைத் தாமே வாங்கினார். 1806 பெப்ரவரி 10 ஆம் நாள் ஏறத்தாழ 130 டன் பனிக்கட்டியுடன் அக்கப்பல் பாஸ்டனிலிருந்து மார்த்தினிக்குத் தீவுக்குப் புறப்பட்டது. நகர மக்கள் இதனைக் கேலி செய்தனர். அப்போது டியூடருக்கு வயது இருபத்திரண்டு.

ஏறத்தாழ மூன்று வாரங்களில் கப்பல் செயின்ட் பியர் துறைமுகத்தை அடைந்தது. பனிக்கட்டியின் பெரும்பகுதி உருகாமலேயே இருந்தது. அதாவது, கேலி செய்தவர்கள் ஐயுற்ற பகுதி நன்றாகவே நடந்தேறியது; எவரும் எண்ணிப் பாராத பகுதியே தோல்வியடைந்தது. கரையில் பனிக்கட்டியைச் சேமிக்கக் கிடங்கு இல்லை. வாங்கிச் சென்றவர்களுக்கு அதனை வீட்டில் எவ்வாறு வைத்துக்கொள்வது என்றும் தெரியவில்லை. உள்ளூர் விடுதிக்காரர் ஒருவருக்குப் பனிக்கூழ் செய்து காட்டி ஒரே இரவில் சுமார் 300 டாலர் வருவாய் ஈட்டியது மட்டுமே அப்பயணத்தின் வெற்றி. மற்றபடி பல ஆயிரம் டாலர் இழப்புடன் டியூடர் ஊர் திரும்பினார்.

சிறையும் கிடங்கும்

அடுத்து வந்த ஆண்டுகள் கடினமானவை. 1807 ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்க அரசு வெளிநாட்டுக் கடல் வணிகத்துக்குத் தடை விதித்தது. தந்தை நிலத்தில் செய்த முதலீடுகள் மூழ்கிக் குடும்பச் சொத்து கரைந்தது. கடனைத் திருப்பித் தர இயலாமல் டியூடர் 1812, 1813 ஆம் ஆண்டுகளில் சிறை செல்ல நேர்ந்தது. 1815 ஆம் ஆண்டு 2,100 டாலர் கடன் பெற்று மீண்டும் ஹவானாவுக்குக் கப்பலேறியபோதும், கடனுக்காகக் கைது செய்யவந்த அலுவலர்கள் கப்பல்துறை வரை அவரைத் துரத்தி வந்தனர்.

இம்முறை அவர் பனிக்கட்டியை விடக் கிடங்கிலேயே கருத்தைச் செலுத்தினார். ஹவானாவில் சுமார் 150 டன் கொள்ளும் இரட்டைச் சுவர்க் கிடங்கொன்றை அமைத்தார். வைக்கோல், மரத்தூள் எனப் பல பொருள்களைச் சுவர்களுக்கு இடையிலும் கட்டிகளைச் சுற்றியும் இட்டுப் பார்த்தார். கையில் கடிகாரத்துடன் கிடங்கின் வெளியே நின்று, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நீர் வடிகிறது என்பதை அளந்தார். வடியும் நீரின் அளவே உள்ளே புகும் வெப்பத்தின் அளவு. வெப்பநிலைமானி இதனைக் காட்டாது, ஏனெனில் உருகிக்கொண்டிருக்கும் பனிக்கட்டி முழுவதும் கரையும் வரை சுழியப் பாகையிலேயே நிற்கும். பொறியியல் படித்திராத ஒருவர் இந்த அளவுமுறையைக் கைக்கொண்டது குறிப்பிடத்தக்கது. ஒரு பருவத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இருந்த இழப்பு, இவருடைய கிடங்குகளில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது.

1817 இல் சார்ல்ஸ்டன், 1818 இல் சவானா, 1820 இல் நியூ ஓர்லியன்சு என அமெரிக்காவின் தென் நகரங்களுக்கும் வணிகம் விரிந்தது. குளிர்ந்த குடிவகைகளுக்கு மக்களைப் பழக்குவதற்காக மதுக்கடைக்காரர்களுக்குப் பனிக்கட்டியை முதலில் இலவசமாகவே வழங்கினார். போட்டியாளர் எவரேனும் துறைமுகத்துக்கு வந்தால், அவருடைய சரக்கு கரையிலேயே உருகித் தீரும் வரை தம் விலையைக் குறைத்து விற்பது டியூடரின் வழக்கம். இந்நகரங்களில் அவருடைய வாடிக்கையாளர்களில் பலர் அடிமைகளின் உழைப்பில் செழித்த தோட்ட முதலாளிகள் என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

பனிக்கட்டி நெடுநாள் நிலைப்பது ஏன்

ஒரு பொருள் திண்மத்திலிருந்து திரவமாக மாறும்போது அதன் வெப்பநிலை உயர்வதில்லை. ஆயினும் அது வெப்பத்தை உட்கொண்டே தீர வேண்டும். இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். ஸ்காட்லாந்து நாட்டு வேதியியலாளர் ஜோசப் பிளாக் 1760களின் தொடக்கத்தில் இதனைக் கண்டறிந்தார். ஒரு கிலோகிராம் பனிக்கட்டியை முழுவதும் உருக்குவதற்கு ஏறத்தாழ 334 கிலோயூல் வெப்பம் தேவை. இதே அளவு வெப்பத்தைக் கொண்டு, ஒரு கிலோகிராம் நீரை 0 பாகையிலிருந்து 80 பாகை செல்சியசு வரை சூடாக்கிவிடலாம். பனிக்கட்டி உருகுவதற்கு நாம் எண்ணுவதைவிட மிகுதியான வெப்பம் வேண்டும் என்பதை இவ்வொப்பீடு காட்டும்.

இரண்டாவது காரணம் வடிவியல் சார்ந்தது. வெப்பம் புறப்பரப்பின் வழியாகவே உட்புகும். 180 டன் பனிக்கட்டியை அரை மீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாகத் தனித்தனியே பரப்பி வைத்தால் அவற்றின் மொத்தப் புறப்பரப்பு சுமார் 2,350 சதுர மீட்டர். அவற்றையே இடைவெளியின்றி ஒரே குவியலாக அடுக்கினால், ஏறக்குறைய 5.8 மீட்டர் பக்கமுள்ள ஒரு பெரிய கனசதுரம் கிடைக்கும். அதன் புறப்பரப்பு சுமார் 200 சதுர மீட்டர்தான். பன்னிரண்டில் ஒரு பங்கு! சிறு பனிக்கட்டித் துண்டு உள்ளங்கையில் நொடிகளில் கரைவதும், பெருங்குவியல் மாதக்கணக்கில் நிற்பதும் இதனாலேயே.

ஆனால் இடைவெளியின்றி அடுக்குவதற்குக் கட்டிகள் ஒரே அளவில் இருக்க வேண்டும். கோடரியால் வெட்டிய கட்டிகள் அவ்வாறு அமையவில்லை. இச்சிக்கலைத் தீர்த்தவர் டியூடர் அல்லர். அவரிடம் பணியாற்றிய நத்தேனியல் வைத் என்பவர். குதிரை இழுக்கும் ஏர் போன்ற வெட்டுக் கருவியொன்றை வைத் 1825 ஆம் ஆண்டில் உருவாக்கினார். ஏரியின் மேற்பரப்பில் சதுரங்கப் பலகை போல இணைகோடுகளைக் கீறி, ஒரே அளவான கட்டிகளைப் பெயர்த்தெடுக்க அது உதவியது. வெட்டும் செலவு வெகுவாகக் குறைந்தது. பனிக்கட்டி மன்னர் என்ற பட்டம் டியூடருக்குச் சென்றாலும், அதில் வைத்துக்கு உரிய பங்கு சிறிதன்று.

ஏரி மேலிருந்து கீழாக உறைவதும் இத்தொழிலுக்கு வாய்ப்பாக அமைந்தது. நீர் 4 பாகை செல்சியசில் மிகுந்த அடர்த்தியுடன் இருக்கும். அதற்கும் கீழே குளிர்ந்த நீர் மேலே மிதந்து முதலில் உறைகிறது. பிற பொருள்கள் பலவற்றைப் போல நீரும் திண்ம நிலையில் கனமாக இருந்திருந்தால், பனிக்கட்டி ஏரியின் அடியில் கிடந்திருக்கும்.

கல்கத்தா

1833 ஆம் ஆண்டு சாமுவேல் ஆஸ்டின் என்ற பாஸ்டன் வணிகர், கல்கத்தாவுக்குப் பனிக்கட்டி அனுப்பும் திட்டத்தை டியூடரிடம் முன்வைத்தார். இந்தியாவிலிருந்து சரக்கு கொண்டுவரச் செல்லும் அமெரிக்கக் கப்பல்கள், போகும்போது ஏற்றுவதற்குப் போதிய சரக்கின்றி வெறும் எடைக்காகக் கற்களை ஏற்றிச் செல்வதுண்டு. கல்லுக்குப் பதில் பனிக்கட்டி என்பதே திட்டம்.

1833 மே 12 ஆம் நாள் டஸ்கனி என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்டது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, ஏறத்தாழ நான்கு மாதங்களுக்குப் பின் செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தது. அப்போது சுமார் 100 டன் எஞ்சியிருந்தது. உருகிய 80 டன்னைக் கொண்டு எளிய கணக்கொன்றைச் செய்யலாம். 80,000 கிலோகிராமை 334 கிலோயூலால் பெருக்கி, நான்கு மாதங்களின் நொடிகளால் வகுத்தால் கிடைப்பது ஏறக்குறைய 2.6 கிலோவாட். வெப்ப மண்டலக் கடல் முழுவதும் சூழ்ந்திருந்தும், மரத்தூளைத் தாண்டி உள்ளே புகுந்த வெப்பம் சராசரியாக இன்று வீட்டுக் குளியலறையில் உள்ள ஒரு மின் வெந்நீர்க் கலனின் ஆற்றல் அளவே!

கல்கத்தாவாழ் ஆங்கிலேயர் பெருமகிழ்ச்சி அடைந்தனர். பனிக்கட்டிக்குச் சுங்க வரி நீக்கப்பட்டது. கவர்னர் ஜெனரல் வில்லியம் பெண்டிங்க் பிரபு, சரக்குடன் வந்த பங்காளி ரோஜர்சுக்கு வெள்ளிக் கிண்ணம் ஒன்றைப் பரிசளித்தார். கிடங்கு கட்டுவதற்கு நகரத்தார் நிதி திரட்டினர்.

அக்கால ஆங்கிலேயர், பனிக்கட்டியை வெயிலில் வைத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்ட இந்தியர்களைப் பற்றி வேடிக்கைக் கதைகள் கூறி வந்தனர். இவற்றை நம்புவதற்கில்லை. ஏனெனில் வங்காளத்தில் பனிக்கட்டி செய்யும் முறை டியூடருக்கு முன்பே வழக்கில் இருந்தது. ஹூக்ளிப் பகுதியில் குளிர்கால இரவுகளில், வைக்கோல் பரப்பிய குழிகளில் மெருகிடாத மண் அகல்களை வரிசையாக வைத்து, அவற்றில் சிறிதளவு நீர் ஊற்றிவிடுவர். நீரின் ஒரு பகுதி ஆவியாகும்போது எஞ்சிய நீரிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். தெளிந்த வானத்தை நோக்கி வெப்பம் கதிராகவும் வெளியேறும். காற்று உறைநிலைக்கு மேலே இருந்தபோதும் விடியலில் அகல்களில் மெல்லிய பனித்தகடு படிந்திருக்கும். ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு எடுக்கும் வெப்பம், 0 பாகையில் உள்ள ஏழு கிராம் நீரை உறையவைக்கப் போதுமானது. ஹூக்ளிப் பனிக்கட்டி கலங்கலாகவும் சேறு கலந்தும் இருந்ததால், கண்ணாடி போன்ற பாஸ்டன் கட்டிகளுடன் போட்டியிட இயலவில்லை.

சென்னை

சென்னையில் ஹூக்ளி முறைக்கும் வழியில்லை. மார்கழி இரவிலும் இங்கு வெப்பநிலை 20 பாகைக்கு அருகிலேயே நிற்கும். காற்றின் ஈரப்பதமும் ஆவியாதலைத் தடுக்கும். எனவே இங்குப் பனிக்கட்டி வேண்டுமெனில் கடல் வழியாகவே வர வேண்டியிருந்தது. கல்கத்தா, பம்பாய் ஆகிய நகரங்களைத் தொடர்ந்து சென்னையிலும் டியூடர் கிடங்கு அமைத்தார். 1842 இல் எழுந்த அக்கட்டிடம் வட்ட வடிவ முகப்புடன் கடலை நோக்கி நிற்கிறது.

அக்காலச் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட, மசூலா படகுகளே அலைகளைக் கடந்து சரக்கைக் கரை சேர்த்தன. கடலும் இன்றுள்ளதை விடக் கட்டிடத்துக்கு மிக அருகில் இருந்தது. பிற்காலத்தில் துறைமுகம் கட்டப்பட்ட பின்னரே அதன் தெற்கே மணல் சேர்ந்து மெரினா கடற்கரை அகன்றது. வெயிலில் நகரும் ஒவ்வொரு நிமிடமும் இழப்பாகும் சரக்குக்குக் கடலோரக் கிடங்கு பொருத்தமானதே.

இப்பனிக்கட்டியை வாங்கியோர் ஆங்கிலேயரும் வசதி படைத்த சிலருமே. காய்ச்சல் நோயாளிகளுக்கும் அது பயன்பட்டது. நகரத்தின் பெரும்பான்மை மக்களுக்கு மண்பானையே குளிர்நீர் தந்தது. பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிர்விப்பதால், அதுவும் நிலை மாற்றத்தின் பயனேயாகும்.

கடனும் பிற்காலமும்

பனிக்கட்டியில் தேறிய டியூடர் காப்பிக்கொட்டையில் வீழ்ந்தார். காப்பி விலை உயரும் எனக் கணித்து வாங்கிக் குவித்ததில், 1834 ஆம் ஆண்டளவில் இரண்டு இலட்சம் டாலருக்கும் மேல் கடனாளியானார். அதே ஆண்டில்தான், ஐம்பது வயதில், யூபீமியா ஃபென்னோ என்ற இளம்பெண்ணை மணந்தார். இவர்களுக்கு ஆறு பிள்ளைகள் பிறந்தனர். காப்பிக் கடனை அடைக்க ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ஆயின. அதனைப் பெரிதும் அடைத்துத் தந்தது கல்கத்தா வணிகமே.

1846–47 குளிர்காலத்தில் டியூடரின் ஆட்கள் வால்டன் குளத்தில் பனிக்கட்டி வெட்டினர். அக்கரையில் குடில் அமைத்து வாழ்ந்துவந்த எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ, இதனை வால்டன் என்ற தம் நூலில் பதிவு செய்துள்ளார். சென்னை, பம்பாய், கல்கத்தா மக்கள் தம் குளத்து நீரைப் பருகுவதாக அவர் அதில் வியக்கிறார். அங்கு வைக்கோலாலும் பலகைகளாலும் மூடப்பட்ட பெருங்குவியலொன்று, ஜூலையில் மூடி நீக்கப்பட்ட பின்னரும், 1848 செப்டம்பர் வரை முழுவதும் உருகாமல் இருந்ததாக அவர் எழுதியிருப்பது மேலே கூறிய கணக்குக்கு நல்ல சான்றாகும்.

1856 ஆம் ஆண்டில் பாஸ்டனிலிருந்து 363 கப்பல் சுமைகளாக ஏறத்தாழ 1,46,000 டன் பனிக்கட்டி வெளியூர்களுக்குச் சென்றது. அதற்குள் போட்டியாளர் பலர் தோன்றிவிட்டனர். டியூடர் தம் இறுதிக் காலத்தை நஹாந்து என்ற கடலோர ஊரில் தோட்டம் வளர்ப்பதில் செலவிட்டார். கடற்காற்று வீசும் அப்பாறை நிலத்தில் பழமரங்களை வேலியிட்டு வளர்த்தார். 1864 பெப்ரவரி 6 ஆம் நாள் பாஸ்டனில் காலமானார்.

வணிகத்தின் முடிவு

டியூடர் வாழ்ந்த காலத்திலேயே அவருடைய தொழிலை முடிக்கவிருந்த பொறி உருவாகிவிட்டது. 1850களில் ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன், ஈதர் என்ற திரவத்தை ஆவியாக்கிக் குளிரை உண்டாக்கி, அவ்வாவியை அழுத்தி மீண்டும் திரவமாக்கும் இயந்திரத்தை இயக்கிக் காட்டினார். டியூடர் திண்மம் திரவமாவதைத் தாமதப்படுத்தினார்; புதிய பொறி திரவம் வாயுவாவதை விரைவுபடுத்தியது. 1874 ஆம் ஆண்டில் சென்னையிலேயே இன்டர்நேசனல் ஐஸ் கம்பெனி என்ற நிறுவனம் பனிக்கட்டி செய்யத் தொடங்கியது. 1878 இல் கல்கத்தாவில் பெங்கால் ஐஸ் கம்பெனி வந்தது. நான்கு மாதக் கடற்பயணத்துக்கு அதன்பின் தேவை இருக்கவில்லை.

சென்னையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருப்பெரும்புதூரில் 2007 இல் திறக்கப்பட்ட சாம்சங் தொழிற்சாலை குளிர்பதனப் பெட்டிகளையும் செய்கிறது. அப்பெட்டிகளும், அண்மையிலுள்ள ஒரகடத்தில் உருவாகும் மகிழுந்துகளின் குளிரூட்டிகளும், வேலைசெய்யும் திரவம் வேறாயினும், ஹாரிசன் கையாண்ட அதே சுழற்சியில் இயங்குபவை. பாஸ்டன் ஏரியை எதிர்பார்த்திருந்த நகரத்தின் புறப்பகுதி, இன்று குளிரூட்டும் பொறிகளைத் தானே செய்கிறது.

ஐஸ் ஹவுஸ் கட்டிடம்

வணிகம் நின்றபின் சென்னைக் கிடங்கை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கி, சாளரங்களும் தாழ்வாரங்களும் அமைத்து வீடாக மாற்றினார். வெப்பத்தைத் தடுக்கக் கட்டிய கட்டிடத்தில் காற்றோட்டம் போதாமையால் வாழ்வது எளிதாக இருக்கவில்லை என்பர். நீதிபதி கெர்னானின் நினைவாக அதற்குக் கெர்னான் கோட்டை எனப் பெயரிட்டார். மேலைநாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 பெப்ரவரியில் இங்குத் தங்கினார். 1906 வரை இராமகிருஷ்ணானந்தர் இங்கு மடம் நடத்தினார். 1917 இல் அரசு இதனை வாங்கியது. சகோதரி சுப்புலட்சுமி நடத்திய இளங்கைம்பெண்களுக்கான விடுதியும் இங்கு இயங்கியது. விவேகானந்தர் நூற்றாண்டையொட்டி 1963 இல் விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் மாற்றப்பட்டது. 1997 முதல் சென்னை இராமகிருஷ்ண மடத்தின் பொறுப்பில் உள்ளது.

கல்கத்தா, பம்பாய்க் கிடங்குகள் இடிக்கப்பட்டுவிட்டன. இந்தியாவில் டியூடர் அமைத்த மூன்றில் எஞ்சியிருப்பது சென்னைக் கட்டிடம் மட்டுமே. பெயர் மாறிய பின்னும் அப்பகுதியைத் திருவல்லிக்கேணி மக்கள் ஐஸ் ஹவுஸ் என்றே அழைக்கின்றனர். அங்குள்ள காவல் நிலையத்துக்கும் அதுவே பெயர்.